வைத்தியர் எங்கே இருக்கிறார்?

போன மாதம் இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த காவல்துறைச் சுருக்கெழுத்துப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்கள். பொதுக்கூட்டங்களில் பேசப்படுவதை அப்படியே எழுதி மேலே அனுப்புவது அந்தப் பிரிவின் வேலை. இப்போது கைபேசியே பேச்சைக் கேட்டு எழுத்தாக்கித் தந்துவிடுகிறதாம். ஒருவர் எடுத்துக் காட்டினார். எழுத்துப் பிழை குறைவாகத்தான் இருந்தது. ஆனால் பேசுகிறவர் தன் சொந்தக் கருத்தைச் சொல்கிறாரா, வேறு ஒருவர் சொன்னதை எடுத்துச் சொல்கிறாரா என்று அதற்குத் தெரியவில்லை. எல்லாம் ஒரே ஆளின் பேச்சாக ஓடியது.

"மேற்கோள் குறிய எங்க போடுறதுன்னுதான் சார் குழப்பம். நீங்கல்லாம் எப்படிப் போட்டீங்க?" என்று கேட்டார்.

ஏதோ பொதுவாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் போன பிறகு அந்தக் கேள்வி போகவில்லை. ஒரு மேற்கோள் குறிக்காக எனக்குச் சோறு இறங்காமல் போன நாட்கள் உண்டு. அவசரநிலைக் காலத்தில், தூத்துக்குடியில். அதை முழுதாக யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூடத் துண்டு துண்டாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

நான் தாமிரபரணிப் பாசனத்தில் ஏரல் பக்கம் ஒரு வயல்காட்டு ஊர்க்காரன். அப்பாவுக்கு நான் மண்ணில் இறங்காமல் இருந்தால் போதும். பள்ளிக்கூடம் முடித்ததும் திருநெல்வேலியில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டேன். தேர்வு எழுதினேன், வேலை கிடைத்தது, எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடிக்கு அனுப்பினார்கள். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

சொல்ல வேண்டியவர் சிவஞானம் சார். எங்கள் பிரிவின் தலைமைச் சுருக்கெழுத்தர். ஒல்லியான மனிதர். எப்போதும் யாரோ தன்னைக் கூப்பிட்டுவிட்டதுபோல வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார். அதிகாரி யாராவது உள்ளே வந்தால் நாற்காலி சத்தம் போடாமல் எழுந்து நிற்பார். அவர் போன பிறகும் சிறிது நேரம் உட்கார மாட்டார். வயிற்றுப்புண்ணுக்கு மேசை இழுப்பறையில் எந்நேரமும் மருந்துப் புட்டி இருக்கும். இவ்வளவு பயந்த மனிதரிடம் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பயம் கிடையாது. எழுதிக் கொடுத்த தாளில் எந்த வரியிலாவது விரலை வைத்து, "கேட்டதா, நெனச்சதா?" என்று கேட்பார். கேட்டது என்றால் விடுவார். கொஞ்சம் தயங்கினாலும் போயிற்று. அந்த வரியை அடித்துவிட்டு, "காதுல விழாதது கையில வரப்படாது வே" என்பார்.

வேலையின் முறை இது. மேடைக்கு முன்னால், பேசுகிறவர் வாயசைவு தெரிகிற தூரத்தில் உட்கார வேண்டும். பென்சில்கள் முன்கூட்டியே சீவி வைத்திருக்க வேண்டும். பேச்சு ஓடும்போது பொருளை யோசிக்கக் கூடாது. யோசித்தால் கை பின்தங்கிவிடும். ஒலி காதில் விழ விழக் கோடும் வளைவுமாகக் கையில் இறங்க வேண்டும். சிரிப்பு வந்தால் அடைப்புக்குறிக்குள் ‘சிரிப்பு’ என்று எழுத வேண்டும். கைதட்டினால் ‘கைதட்டல்’. கேட்காத இடத்தில் புள்ளிகள் வைத்து, ஏன் கேட்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து குறிகளைத் தமிழில் பெயர்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மேடைக்கு முன்னால் எனக்கு எதுவும் புரிந்ததில்லை. பெயர்த்து எழுதும்போதுதான் ஒருவர் என்ன பேசினார் என்பதே எனக்குத் தெரியவரும்.

தல்மேதா சார் பேசியதும் அப்படித்தான் எனக்குள் வந்தது.

தல்மேதா சார் ஒரு தனிப்பயிற்சிக் கல்லூரியில் வரலாறு எடுத்தவர். முத்துக்குளித்த குடும்பம். அவருடைய தாத்தா காலத்தில் கடலில் மூச்சை அடக்கியவர்கள். இவருக்கோ இழுப்பு நோய். நான்கு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மதியச் சாப்பாடும் முடிந்து, கடற்கரைப் பக்கம் ஒரு வாசகசாலை மண்டபத்தில் கூட்டம் நடத்துவார். ஐரோப்பாவின் தத்துவ அறிஞர்கள் அரசாங்கத்தைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதுதான் பொருள். கேட்டால் கல்லூரிப் பாடம் போலிருக்கும். ஆனால் வந்து உட்கார்ந்தவர்கள் புதுத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், உப்பளத்துக் கணக்கப்பிள்ளைகள், கப்பல் கம்பெனி குமாஸ்தாக்கள். கீழவைப்பாரிலிருந்துகூட இரண்டு மூன்று பேர் பஸ் ஏறி வருவார்கள்.

அந்த வெள்ளைக்காரப் பெயர்கள் அவர்கள் வாயில் நுழையவில்லை. அதனால் அவர் ஆளுக்கொரு பெயர் வைத்துவிட்டார். நானும் அந்தப் பெயர்களிலேயே எழுதுகிறேன்.

ஒருவர் ‘பயந்தவர்’. எதிரிக் கப்பல்கள் வருகின்றன என்ற செய்தி கேட்டுத் தாய் பயந்துபோய்க் குறைமாதத்தில் பெற்ற பிள்ளை. மனிதர்களைத் தனியே விட்டால் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வார்கள், அந்தப் பயத்தில்தான் எல்லா அதிகாரத்தையும் ஒருவன் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்றவர். இன்னொருவர் ‘வைத்தியர்’. உண்மையிலேயே வைத்தியம் படித்தவர். அதிகாரத்தை யாருக்கும் தானமாகக் கொடுக்கவில்லை, நம்பி ஒப்படைத்திருக்கிறோம், நம்பிக்கை போனால் திரும்ப வாங்கலாம் என்றவர். மூன்றாமவர் ‘கடிகாரக்காரர் மகன்’, ஊர் ஊராக அலைந்தவர். மக்கள் எல்லோரும் சேர்ந்ததுதான் ராஜா என்று சொன்னவர்.

"இந்த மூணு பேரும் செத்து எவ்வளவோ காலமாச்சு. ஆனா இன்னைக்கு ஒரு நாட்டுல சட்டம் எழுத உக்காந்தா, இவங்க மூணு பேரும் அந்த மேசையச் சுத்தி உக்காந்து சண்ட போட்டுக்கிட்டுதான் இருப்பாங்க" என்பார் தல்மேதா சார்.

நான் பெயர்த்து எழுதிக்கொண்டிருக்கும்போது பயந்தவரிடம்தான் முதலில் அகப்பட்டேன். ‘எல்லாவற்றையும் ஒருவன் கையில் கொடுத்துவிட்டு’ என்ற இடத்தில் பென்சில் நின்றது. தலையைத் தூக்கினால் எதிரே சிவஞானம் சார் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என் மனைவி அப்போது தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள். வேலை போய்விடக் கூடாது என்பது தவிர எனக்கு வேறு அரசியல் எதுவும் இல்லை. எங்கள் இரண்டு பேரையும் அந்த வெள்ளைக்காரர் நேரில் பார்த்து எழுதியதுபோல இருந்தது.

அவசரநிலை வந்த புதிதில் எங்கள் பக்கம் அதன் சூடு அவ்வளவாகத் தெரியவில்லை. மாநில ஆட்சி கலைக்கப்பட்ட பிறகுதான் தெரிந்தது. தெரிந்தவர்கள் காணாமல் போனார்கள். கேட்டால் ‘மிசா’ என்று, விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கிற சட்டத்தின் பெயரோடு பேச்சு முடிந்துவிடும். டீக்கடையில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு மழைக்கும் உப்பு விலைக்கும் தாவிவிடும். பொதுக்கூட்டங்கள் நின்றுபோயின. தல்மேதா சாரின் கூட்டம் மட்டும் பாடவகுப்பு என்ற பெயரில், அனுமதியோடு, நடந்தது. அதனால் என்னைத் தவறாமல் அனுப்பினார்கள். இனி என்னோடு சாதாரண உடுப்பில் ஒரு கான்ஸ்டபிளும் வருவார் என்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வைத்தியரைப் பற்றிய பேச்சு. மண்டபத்தில் காற்று இல்லை. தல்மேதா சாருக்கு மூச்சு இளைத்தது. வைத்தியரின் கருத்தை விளங்க வைக்க முத்துக்குளியைப் பிடித்துக்கொண்டார்.

"கடல்ல இறங்குதவன் இடுப்புக் கயித்த யார் கையில கொடுப்பான்? மச்சான் கையில. ஏன்? தங்கச்சி தாலி அறுக்க எவனும் சம்மதிக்க மாட்டான். கயித்தக் கொடுத்ததனால மச்சான் அவனுக்கு எசமான் ஆயிட்டானா? இல்ல. நம்பிக் கொடுத்திருக்கு. கீழ இருந்து கயித்த ஆட்டுனா இழுக்கணும். ஆட்ட ஆட்ட இழுக்காம மேல உக்காந்திருந்தா என்ன செய்ய?"

அவர் தொடர்ந்தார்.

"வைத்தியர் இத நல்லா யோசிச்சவரு. மக்கள் நம்பிக் கொடுத்த அதிகாரத்த மக்களுக்கு எதிராவே ஒருத்தன் திருப்புனா, அந்தக் கயித்த அவன் கையில இருந்து திரும்ப வாங்கிக்கிட மக்களுக்கு உரிமை உண்டு"

அந்த இடத்தில் மண்டபம் கைதட்டியது. பல மாதங்களாக யாரும் எதற்கும் கைதட்டியிராத ஊர். மூட்டை தூக்குகிறவர்களின் கை. பலகைச் சுவர் அதிர்ந்தது. தல்மேதா சாரின் உதடுகள் மேலும் ஏதோ சொல்லி அசைந்தன. பிறகு இருமினார், தண்ணீர் குடித்தார். கைதட்டல் அடங்கியபோது அடுத்த வாக்கியத்துக்குப் போயிருந்தார்.

தமிழில் ஒருவர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது ‘என்று சொன்னார்’ என்பது கடைசியில்தானே வருகிறது. கூட்டம் அதற்குள் தட்டிவிட்டது.

மறுநாள் பெயர்த்து எழுதும்போது அந்த இடத்தில் புள்ளிகள் வைத்து, ‘கைதட்டலில் கேட்கவில்லை’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதினேன். அந்தப் புள்ளிகளில் ‘என்று வைத்தியர் சொல்கிறார்’ இருந்தால் அது பாடம். இல்லாவிட்டால், அரசாங்கத்தைப் பிடுங்கச் சொல்லி ஊரைத் தூண்டிய பேச்சு.

இரண்டாவதைத்தான் கான்ஸ்டபிள் எழுதிக் கொடுத்திருந்தார். அவர் மீது குறை சொல்ல மாட்டேன். அவர் காதில் அப்படித்தான் விழுந்தது.

இன்ஸ்பெக்டர் ராஜபாண்டி என் தாளோடு எங்கள் அறைக்கு வந்தார். கெட்ட மனிதர் அல்ல. மேலே இருந்து வருகிற நெருக்கடியில் கண் சிவந்துபோயிருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முதல்ல ஒண்ணு சொல்லும். இந்த வைத்தியர் யாரு?"

"ஒரு வெள்ளைக்காரர் சார். பழைய காலத்து ஆளு."

"பேரு போடலையே. மேல உள்ளவங்க என்ன கேக்காங்க தெரியுமா? தூத்துக்குடியில வைத்தியர்னு ஒருத்தன் தலைமறைவா இருந்து எல்லாத்தையும் ஆட்டி வைக்கானான்னு கேக்காங்க. ஊர்ல உள்ள சித்த வைத்தியர், கம்பவுண்டர் எல்லாரையும் விசாரிக்கச் சொல்லியிருக்கு. மாப்பிள்ளையூரணியில ஒரு எலும்பு முறிவு வைத்தியரக் கூட்டிட்டு வந்து காலையில இருந்து உக்கார வச்சிருக்கோம். அவரு அழுதுக்கிட்டிருக்காரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது எழுதும்போதும் வரவில்லை. அந்த மனிதரை நான் போகும்போது பார்த்தேன். எண்ணெய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டாவது, இந்தப் புள்ளி. இத வச்சுக்கிட்டு நான் ஒண்ணும் செய்ய முடியாது. ஒண்ணு அடைப்புக்குறிய எடுத்துரும். இல்லன்னா அங்கன என்ன சொன்னார்னு நிரப்பும்" என்றார்.

அவர் வெளியே போனதும் நான் சிவஞானம் சாரிடம் திரும்பினேன். "நிரப்பிரட்டுமா சார்? ‘என்று வைத்தியர் சொல்கிறார்’னு போட்டா அவர் தப்பிச்சிருவாரு. அப்படித்தான் சொல்லியிருப்பாரு."

அவர் விரலை அந்தப் புள்ளிகள் மேல் வைத்தார்.

"கேட்டீரா?"

"கேக்கல சார். ஆனா வேற எதச் சொல்லியிருக்க முடியும்?"

"கேக்கலல்லா."

"ஒரு மனுசன் உள்ள போயிருவாரு சார்."

"தெரியும் வே. எனக்கும் தெரியும்." மருந்துப் புட்டியைத் திறந்து ஒரு வாய் குடித்தார். "இன்னைக்கு ஒருத்தரக் காப்பாத்த நீரு நிரப்புவீரு. நாளைக்கு ஒருத்தர மாட்டிவிட இன்னொருத்தன் நிரப்புவான். ரெண்டு பேரையும் நான் எதச் சொல்லித் தடுக்க?" அந்தத் தாளை இழுத்து, புள்ளிகள் உள்ளபடியே, என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். அப்படிப் போட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எனக்கு வந்தால் தனக்கும் வரட்டும் என்று போட்டார். போட்டுவிட்டு வாசலைப் பார்த்தார்.

அன்று முதல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் சொன்னது சரி என்று ஒரு நேரம் தோன்றும். ஒரு மனிதனின் மூச்சைவிட ஒரு விதி பெரிதா என்று இன்னொரு நேரம் தோன்றும். வீட்டில் கதவு தட்டினால் என் மனைவிக்கு முன் நான் திடுக்கிடுவேன். தல்மேதா சார் எதிரே வந்தால் என்ன செய்வது என்று அவர் நடமாடும் தெருக்களையே தவிர்த்தேன்.

சில நாள் கழித்து ராஜபாண்டி ஒரு வழி கண்டுபிடித்தார். "அந்த ஆளுக்கிட்டயே போவோம். அது தன்னோட கருத்து இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டார்னா கோப்ப மூடிரலாம். எனக்கும் அவர உள்ள போடணும்னு ஆசையா? நீரும் வாரும். அவர் என்ன சொல்லுதாரோ அத எழுதிக்கிடும்."

எனக்கு மனதிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. ஒரு கையெழுத்து. எல்லோருக்கும் விடுதலை.

சிலுவை நட்டிருந்த குருசடிக்குப் பின்னால் சிறிய ஓட்டு வீடு. காலை வெயில் ஏறியிருந்தது. தல்மேதா சாரின் மனைவி பிலோமினா அம்மாள் எங்களைப் பார்த்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு வழி விட்டார். அவர் ஈரத்துணி ஒன்றைப் பிழிந்துகொண்டிருந்தார். பேச்சு முடியும்வரை அது அவர் கையிலேயே இருந்தது. தல்மேதா சார் தலையணையை முதுகுக்குக் கொடுத்துக் கட்டிலில் சாய்ந்திருந்தார்.

ராஜபாண்டி மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். "சார், வைத்தியர் எங்க இருக்காரு?"

"செத்துப் போயிட்டாரு."

"எப்ப?"

"நம்ம ஊருக்கு இங்கிலீஷ்காரன் கொடி வாரதுக்கு ரொம்ப முன்னாலயே."

இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது. கேலி செய்கிறார் என்று நினைத்துவிட்டார். நான் குறுக்கே பேசக் கூடாது. ஆனால் தல்மேதா சாரே எழுந்து அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் படத்தைக் காட்டினார். நீண்ட மூக்கு, தோளில் விழும் முடி, குழி விழுந்த கன்னம். ராஜபாண்டி அதை வெகுநேரம் பார்த்தார்.

"இவரயா ஊர் பூராத் தேடுனோம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார். "சரி. இவருக்கு முத்துக்குளிக் கயிறு தெரியுமா?"

"தெரியாது. கயிறு என்னோடது. விசயம் அவரோடது."

"அந்தக் கைதட்டல்ல என்ன சொன்னீங்க?"

"‘என்று வைத்தியர் சொல்கிறார்’னுதான் சொன்னேன். வழக்கமாச் சொல்லுதது."

நான் குனிந்து எழுதினேன். என் கை இலேசாகிவிட்டது. அது போதும் என்று நினைத்தேன்.

"நல்லது. அதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. கூட ஒரு வரி. ‘இது என் கருத்து அல்ல.’ அவ்வளவுதான்" என்றார் ராஜபாண்டி.

தல்மேதா சார் கட்டிலுக்குத் திரும்பிப் போய்ச் சாய்ந்தார். பிலோமினா அம்மாள் கையிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

"முதல் வரிக்குக் கையெழுத்துப் போடுதேன். ரெண்டாவது வரிக்கு மாட்டேன்" என்றார்.

"சார், புரிஞ்சுக்கிடுங்க. உங்க வைத்தியரே இருந்தா போட்டிருப்பாரு."

தல்மேதா சார் சிரித்தார். சிரிப்பு இருமலானது. "போட்டிருப்பாருதான். அவரு அந்தப் புஸ்தகத்துல தம் பேரையே போடல. அரசாங்கத்துக்குப் பயந்து ஹாலந்துல போய் ஒளிஞ்சிருந்தவரு. நான்தான் எழுதுனேன்னு சாவுற சமயத்துலதான் ஒத்துக்கிட்டாரு."

"பின்ன நீங்க மட்டும் ஏன்?"

"அவருக்கு ஒளிய ஹாலந்து இருந்துச்சு. எனக்குத் தூத்துக்குடிதான இருக்கு. எல்லா ஞாயித்துக்கிழமையும் அந்த மண்டபத்துல அதே முகங்கள நான் பாக்கணும்." கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டார். "வைத்தியர் சொன்னாரு. சரியாச் சொன்னாரு. அதுதான் என் கருத்து."

ராஜபாண்டி என்னைப் பார்த்தார். "எழுதிட்டீரா?"

இந்த முறை கைதட்டல் இல்லை. கேட்கவில்லை என்று சொல்ல வழியே இல்லை. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக, மூச்சு வாங்கும் இடங்களோடு, என் காதில் விழுந்திருந்தது. எழுதினேன். மேற்கோள் குறி எங்கே முடிகிறது, அவர் பேச்சு எங்கே தொடங்குகிறது என்பதில் ஒரு சந்தேகமும் இல்லாத ஒரு பக்கத்தை என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் எழுதினேன்.

அப்போதுதான் பிலோமினா அம்மாள் பேசினார். கணவரைப் பார்த்துத்தான் பேசினார்.

"வைத்தியர் வைத்தியர்னு சொன்னீயளே. உள்ள கொண்டு போட்டா உங்க இழுப்புக்கு அந்த வைத்தியரா வரப்போறாரு?"

அம்மாள் துணியை ஜன்னல் கம்பியில் போட்டுவிட்டு இன்ஸ்பெக்டரிடம் கேட்டார். "மருந்து கொண்டு போக விடுவாங்களா?"

"இன்னைக்கு இல்லம்மா" என்று சொல்லிவிட்டு ராஜபாண்டி வேகமாக வெளியே வந்துவிட்டார். ஜீப்பில் ஏறியதும், "கிறுக்கன்" என்றார். சிறிது தூரம் போனதும், "அந்த எலும்பு வைத்தியர மொதல்ல வீட்டுக்கு அனுப்பணும்" என்றார்.

அந்த வாரமே தல்மேதா சாரைக் கொண்டுபோனார்கள். நான் எழுதிய பக்கத்தால்தானா, கான்ஸ்டபிளின் குறிப்பாலா, அல்லது முன்பே முடிவு செய்திருந்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளக்கூடிய இடத்தில் நான் இல்லை. சிவஞானம் சார் அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை. "கேட்டதத்தான எழுதுனீரு?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டினார். அவருக்கும் அது ஆறுதலாக இல்லை என்பது தெரிந்தது.

எனக்குப் பெண் பிறந்தது. சந்தையில் ஒரு தரம் பிலோமினா அம்மாளை எதிரே பார்த்தேன். மீன் கூடையைக் கை மாற்றிக்கொண்டு என்னைக் கடந்து போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தேர்தல் அறிவித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். தல்மேதா சாரும் வந்தார். பாதி ஆளாகிவிட்டார் என்றார்கள். வாசகசாலை மண்டபத்தில் மறுபடி பேசப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் சிவஞானம் சார் என்னை அந்த வேலைக்கு அனுப்பவில்லை. புதிதாக வந்த ஒருவரை அனுப்பினார். நானும் போனேன், என் சொந்தச் சட்டையில், பென்சில் இல்லாமல். அரசு ஊழியன் இப்படிப் போகலாமா என்ற கேள்வி வழி முழுக்க என்னோடு நடந்து வந்தது. இரண்டு முறை திரும்பிவிடப் பார்த்தேன்.

மண்டப வாசலில் பிலோமினா அம்மாள் நின்றிருந்தார்.

"எழுத வந்தீயளா?"

"இல்லம்மா. கேக்க வந்தேன்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விலகி நின்றார்.

தல்மேதா சார் உட்கார்ந்துதான் பேசினார். சிறையைப் பற்றிப் பேசுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் பயந்தவரைப் பற்றிப் பேசினார்.

"உள்ள இருக்கையில வைத்தியர நான் அவ்வளவா நெனைக்கல. பயந்தவரத்தான் நெனச்சேன். அவரு சொன்னது பொய்யில்ல. கதவப் பூட்டுற சத்தம் கேட்டதும் மனசுல ஒரு நிம்மதி வரும். இனி யாரும் வந்து என்னப் பிடிச்சுட்டுப் போக முடியாது, அதான் பிடிச்சாச்சேன்னு. அந்த நிம்மதியக் கண்டுதான் நான் பயந்தேன். போலீசுக்கு அவ்வளவு பயப்படல."

யாரும் கைதட்டவில்லை. மூட்டை தூக்குகிற ஒருவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

கடைசியில், யாராவது ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். நான் எழுந்து நின்றேன். எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றிலும் வாய் திறந்ததில்லை. அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. காத்திருந்தார்.

"ஆளுகிறவங்களப் பத்திச் சொன்னீங்க. ஆளப்படுறவங்களப் பத்தியும் சொன்னீங்க" என்று ஆரம்பித்தேன். அப்போது பக்கவாட்டில் ஒரு சத்தம் கேட்டது. எனக்கு நன்றாகப் பழகிய சத்தம். எங்கள் பிரிவின் புதிய ஆள் தாளைத் திருப்பி என் கேள்வியை எழுத ஆரம்பித்திருந்தார். அது நாளை அதிகாரியின் மேசைக்குப் போகும். என் பெயரோடு போகும்.

உட்கார்ந்துவிடலாம்; பாதிக் கேள்விக்கு யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

அந்தப் புதியவர் இன்னும் வேகம் வராதவர். கை பின்தங்கியிருந்தது. அவர் எழுதி முடித்துத் தலையை நிமிர்த்தும்வரை பொறுத்திருந்தேன். பிறகு, ஒரு சொல்லும் அவர் காதில் தவறிவிடாதபடி நிறுத்தி நிறுத்தி, மிச்சத்தையும் கேட்டேன்.

"நடுவுல நின்னு சம்பளம் வாங்கிக்கிட்டு, ஆளுகிறவங்க கையில அந்தக் கயித்த எடுத்துக் கொடுக்கிறவன் ஒருத்தன் இருக்கான். அவன் என்ன செய்யணும்னு நீங்க சொன்ன அந்த மூணு பேர்ல யாராவது சொல்லியிருக்காங்களா?"

தல்மேதா சார் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்.

"இல்லையே. அத அவங்க எழுதாம விட்டுட்டாங்க. நீங்க உக்காராதீங்க. உங்களுக்கு என்ன தோணுதுன்னு சொல்லுங்க" என்றார்.

நான் சொல்ல ஆரம்பித்தேன்.